குரியும் ஐவிந்தும் வோந்திரா வீட்டுத் தரையும்

அந்தக் காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் குரிக்கு முதலில் நினைவுக்கு வருவது புல்லின் சத்தம்தான்.

ஆள் உயரப் புல். காற்று வீசினால் கடல் இரைவது போல ஓர் இரைச்சல். நார்வேயில் கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு முதல் சில வாரங்கள் தூக்கத்தில் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டது போல இருக்கும். விழித்துப் பார்த்தால் மண்சுவர், மண்கூரை, பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் ஐவிந்த். ஒரு நிமிடம் வெறுத்துப் போகும். பிறகு எழுந்து அடுப்பை மூட்டுவாள்.

கல்யாணமான மூன்றாம் வாரம் கப்பல் ஏறியவர்கள் அவர்கள். விஸ்கான்சினில் ஒரு பண்ணைக்காரரிடம் இரண்டு வருடம் கூலிக்கு உழைத்துவிட்டு, 1870 வசந்தத்தில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அயோவாவின் வடமேற்கு மூலையில் வில்லோ மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. ஐவிந்த் வண்டியை நிறுத்தி, இறங்கி, காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தான். கருகருவென்று இருந்தது.

"ஒரு கல்லு கூட இல்ல, குரி. எங்கப்பா ஆயுசு பூரா கல்லப் பொறுக்கியே செத்தாரு."

"கல்லும் இல்ல, மரமும் இல்ல, மனுசனும் இல்ல" என்றாள் குரி. "வீட்ட எதால கட்டுவ? வாயாலயா?"

மண்ணால்தான் கட்டினான். புல்வேரோடு சேர்ந்த மண்ணைக் கலப்பையால் பாளம் பாளமாக வெட்டி அடுக்கினால் சுவர். குளிர்காலத்தில் கதகதப்பு, கோடையில் குளிர்ச்சி. மழை பெய்தால் மட்டும் வெளியே மூன்று நாள், உள்ளே ஐந்து நாள். கூரையிலிருந்து சொட்டும் சேற்றுத்தண்ணீர் படாமல் இருக்க, குழந்தை பிர்கித்தை மேஜைக்கு அடியில் படுக்க வைப்பாள் குரி. ஐவிந்த் இதற்கெல்லாம் சிரிப்பான். எதற்கும் சிரிக்கிற ஆள் அவன். வண்டி மாடுகள் இரண்டுக்கும் பாதிரியார், உபதேசியார் என்று பெயர் வைத்திருந்தான். பாதிரியார் நின்றால் உபதேசியாரும் நின்றுவிடும், அதனால்.

அரை மைல் தள்ளி, ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம், பொஹீமியா தேசத்துக்காரன் ஒருவன் குடிவந்திருந்தான். பெயர் மத்தேய் வோந்திரா. அவன் மனைவி லுட்மிளா. அவர்கள் கத்தோலிக்கர்கள், இவர்கள் லூத்தரன் சபை. அவர்களுக்கு நார்வே மொழி தெரியாது, இவர்களுக்குச் செக் மொழி தெரியாது, ஆங்கிலம் நான்கு பேருக்குமே வராது. இவ்வளவு இருந்தும் நல்லபடியாகத்தான் இருந்திருப்பார்கள். ஒரு மரம் குறுக்கே வந்தது.

ஆற்று வளைவில் பத்துப் பன்னிரண்டு ஓக் மரங்கள் இருந்தன. சுற்றுவட்டாரத்தில் மரம் என்று சொல்லிக்கொள்ள அவைதான். எல்லைக்கல் நடுவதற்கு முன்பே, உத்தரத்துக்கு வேண்டுமென்று ஐவிந்த் ஒரு மரத்தை வெட்டிவிட்டான். மறுநாள் காலை மத்தேய் அந்த அடிமரத்தின் பக்கத்தில் நின்று, தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, பத்து நிமிடம் கத்தினான். ஐவிந்தும் பத்து நிமிடம் கத்தினான். ஒரு வார்த்தைகூட ஒருவனுக்கு மற்றவன் சொன்னது விளங்கவில்லை. ஆனால் சொல்ல வந்தது இரண்டு பேருக்குமே நன்றாக விளங்கியது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குரிக்கு அந்தச் சண்டையைவிடப் பெரிய கவலை தண்ணீர். ஆற்றிலிருந்து தோளில் காவடி போட்டு இரண்டு வாளி சுமக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு நடை. ஐவிந்த் மூன்று இடத்தில் கிணறு தோண்டினான், மூன்றும் வறண்ட குழிகள். 1872 ஆகஸ்ட்டில் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே நான்காவதை ஆரம்பித்தான்.

"இதுலயும் வரலேன்னா?" என்று கேட்டாள்.

"வரலேன்னா உருளக்கிழங்கு போட்டு வெக்கலாம். மாவட்டத்துலயே ஆழமான நெலவற நமக்குத்தான்."

அவன் கீழே தோண்டுவான், அவள் மேலே ராட்டினத்தைச் சுற்றி மண்வாளியை இழுத்துக் கொட்டுவாள். வயிற்றில் அப்போது நான்கு மாதம். பிர்கித்துக்கு இரண்டு வயது. குழியருகே வந்துவிடக்கூடாதென்று வீட்டுக்குள் கட்டில் காலில் இடுப்புக்கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். இருபத்தெட்டு அடிக்குப் போனபோது மண் ஈரமாக வரத் தொடங்கியது. சரளை கலந்த ஈர மணல். குரி ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள். அந்த வாசனையை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு மறுபடி இறங்கி, கொஞ்ச நேரம் இருக்கும். கீழேயிருந்து பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். குனிந்து பார்த்தாள். பக்கச்சுவர் சரிந்திருந்தது. ஐவிந்த் மார்பு வரைக்கும் மணலுக்குள் இருந்தான்.

"குரி" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கயித்த இழுக்காத. ஓரத்துல நிக்காத. மணலு இன்னும் வருது."

"நான் எறங்கறேன்."

"எறங்கினா ரெண்டு பேருமே இங்கதான். காலு எதுலயோ மாட்டிக்கிட்டிருக்கு. ஆளக் கூட்டிட்டு வா."

"யார? யாரு இருக்கா இங்க?"

அவளுக்கே தெரியும். அரை மைலுக்குள் ஒரே ஒரு வீடுதான்.

ஓடினாள். புல் முகத்தில் அடித்தது. ஒரு செருப்பு எங்கோ கழன்றது. மத்தேய் ஆற்றோரப் புல்லை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான், முகம் இறுகியது. அவன் மொழியில் அவளிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. மண்டியிட்டுத் தரையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். கையால் மண்ணைத் தோண்டிக் காட்டினாள். எழுந்து, கையை மார்பில் வைத்து, "ஐவிந்த்! ஐவிந்த்!" என்றாள். மத்தேய் அவளையே பார்த்தான். அந்த ஒரு கணத்தில், வெட்டிய மரத்தை நினைக்கிறான் என்றுதான் குரி நினைத்தாள்.

அவன் அரிவாளை வீசிவிட்டு வீட்டைப் பார்த்து ஏதோ கூவினான்.

லுட்மிளா வெளியே வந்தாள். நல்ல உயரம், அகலமான தோள், இடுப்பில் மாவுக்கையைத் துடைத்தபடி வந்தாள். மத்தேய் இரண்டே வார்த்தை சொல்லியிருப்பான். அவள் நேராக வீட்டுப் பக்கவாட்டுக்குப் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினாள். அதற்கடியில் அறுத்த பைன் பலகைகள். ரயில் நின்றுபோகும் ஊர் அங்கிருந்து நாற்பது மைல். அங்கே போய் வண்டியில் ஏற்றிவந்தவை. மண்தரையிலேயே மூன்று வருடம் வாழ்ந்த லுட்மிளா, பலகைத் தரை போட்டுத் தருகிறேன் என்று புருஷன் சொன்ன வாக்கை நிறைவேற்ற வைத்து வாங்கிய பலகைகள் அவை. இதெல்லாம் குரிக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது கண்டதெல்லாம், அந்தப் பெண் முதல் பலகையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, மறுமுனையைப் பிடி என்று தாடையால் காட்டியதுதான்.

பலகை ஏற்றிய மத்தேயின் வண்டி கிணற்றடிக்கு வந்து சேர்ந்தபோது மணல் ஐவிந்தின் அக்குளைத் தொட்டிருந்தது. மத்தேய் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினான். பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கச் சொல்லி, ஐவிந்தைச் சுற்றி நான்கு பக்கமும் செருகிச் சம்மட்டியால் அடித்தான். பெட்டி போல ஆயிற்று. அதற்கு மேல் மணல் வராது. பிறகு வாளி வாளியாக அள்ளினான். மேலே இரண்டு பெண்களும் ராட்டினத்தின் இரு கைப்பிடியையும் பிடித்துச் சுற்றினார்கள். குரியின் வயிற்றைப் பார்த்த லுட்மிளா, அவள் கையைத் தட்டிவிட்டுத் தனியாகவே சுற்றத் தொடங்கினாள். குரி வாளியைக் கொட்டினாள்.

கீழே மத்தேய் மாதாவைக் கூப்பிட்டு ஜெபம் சொன்னான். ஐவிந்த் பல்லைக் கடித்துக்கொண்டு லூத்தரன் சபைப் பாட்டு ஒன்றைப் பாடினான். அந்தக் குழிக்குள்ளிருந்து இரண்டும் சேர்ந்து மேலே வந்தன.

இடுப்பு வரை மணலை எடுத்தபோதுதான் தண்ணீர் வந்தது. இரண்டு வருடமாகத் தேடிய தண்ணீர் அன்றைக்கென்று பார்த்து ஊறியது. முதலில் இடுப்பளவு, பிறகு நெஞ்சு. ஐவிந்தின் இடது கால் ஒரு பாறைக்கடியில் மாட்டியிருந்தது.

"குரி!" என்று கத்தினான் கீழேயிருந்து. "தண்ணி வந்திருச்சு!"

"தெரியுதுடா பாவி! சும்மா இரு!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

மத்தேய் மூச்சை அடக்கி முங்கிக் கடப்பாரையைப் பாறைக்கடியில் கொடுத்து நெம்பினான். மூன்று முறை முங்கினான். மூன்றாம் முறை ஐவிந்த் அலறிய அலறலில் வீட்டுக்குள் பிர்கித் வீறிட்டது. கால் வந்துவிட்டது. கணுக்கால் திரும்பியிருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அவனை மேலே இழுத்துப் போட்டார்கள். நான்கு பேரும் சேற்றில் மல்லாந்து கிடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து லுட்மிளா எழுந்துபோய், கட்டிலில் கட்டியிருந்த குழந்தையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பலகைகளை மட்டும் எடுக்க முடியவில்லை. எடுத்தால் கிணறு மூடிக்கொள்ளும். மத்தேய் குனிந்து பார்த்தான், லுட்மிளாவைப் பார்த்தான். அவள் தோளைக் குலுக்கிவிட்டாள். அவ்வளவுதான்.

ஐவிந்தின் கால் கோணலாகத்தான் கூடியது. அந்த வருட அறுவடையை மத்தேய்தான் செய்து கொடுத்தான். அடுத்த வசந்தத்தில், மார்கழியில் பிறந்த கைக்குழந்தை நில்ஸை லுட்மிளாவிடம் விட்டுவிட்டு, குரி கலப்பையைப் பிடித்தாள். பாதிரியாரும் உபதேசியாரும் அவள் பேச்சுக்கு ஐவிந்தின் பேச்சைவிட நன்றாகவே கட்டுப்பட்டன. ஐவிந்த் ஊன்றுகோலோடு வரப்பில் உட்கார்ந்து சட்டம் பேசுவான்.

"சால் கோணுது, குரி."

"உன் காலு மாதிரியா?"

பிள்ளைகள் பகலெல்லாம் வோந்திரா வீட்டில் இருந்ததால் பிர்கித் ரொட்டியையும் பாலையும் செக் மொழியில் கேட்க ஆரம்பித்தது. "என் பொண்ணு போப்பாண்டவர் பாஷ பேசுது" என்று ஐவிந்த் தலையில் கைவைத்துக்கொள்வான். குரியும் லுட்மிளாவும் பேசிக்கொண்டது எந்த மொழி என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர்ச்சொல்லெல்லாம் நார்வே, திட்டெல்லாம் செக், மாட்டையும் வானிலையையும் பற்றியது மட்டும் ஆங்கிலம்.

அந்த ஜூனில் வெட்டுக்கிளி வந்தது. வெயிலில் பனி பெய்வது போல இறங்கியது. கோதுமையைத் தின்றது, வெங்காயத்தைக் குழிவிழத் தின்றது, கொடியில் காயவைத்த குரியின் பச்சைப் பாவாடையைத் தின்றது. மூன்றாம் நாள் கிளம்பிப் போனபோது நிலம் மொட்டையாக இருந்தது. பக்கத்து ஊர்களில் வண்டியைக் கட்டிக்கொண்டு கிழக்கே திரும்பியவர்கள் பலர். ஐவிந்தும் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"போயிடலாமா?" என்று கேட்டான்.

குரி கிணற்றடியில் நின்றிருந்தாள். "லுட்மிளாவோட தரைய இங்க போட்டுட்டு எங்க போறது?" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வேறு வேலை இல்லை. இரண்டு வீட்டிலும் முள்ளங்கியும் முயலும்தான் சாப்பாடு. ஐவிந்த் நொண்டி நொண்டி ஆற்று வளைவுக்குப் போய், அந்த ஓக் மரங்களுக்கு நடுவில் நின்று மத்தேயைக் கூப்பிட்டனுப்பினான். ஒரு மரத்தைத் தொட்டு, 'உன்னுதா என்னுதா?' என்று கையால் கேட்டான். மத்தேய் அந்தப் பழைய அடிமரத்தைப் பார்த்தான்.

"மரம்" என்றான் தனக்குத் தெரிந்த நார்வே வார்த்தையில். "மரம்... மரத்துது."

நான்கு மரம் வெட்டினார்கள். ஐவிந்தும் குரியும் அறுப்பதற்கென்று தோண்டிய குழிக்கு மேலும் கீழும் நின்று பெரிய ரம்பத்தால் அறுத்தார்கள். மரத்தூள் குரியின் தலையெல்லாம் மாவு போலக் கொட்டியிருக்கும். ஐவிந்த் ஒவ்வொரு பலகையையும் இழைத்து, விளிம்பு விளிம்பாகப் பொருத்தி, ஏப்ரலில் வோந்திரா வீட்டில் தரை போட்டு முடித்தான். பைன் இல்லை, ஓக். ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லை. லுட்மிளா செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்தாள். பிறகு உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் அழுது குரி முதன்முதலாகப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லுட்மிளாவின் தம்பி துருத்திப்பெட்டி வாத்தியத்தோடு வந்தான். மாவட்டத்தில் இருந்த பொஹீமியர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கசகசாப் பணியாரம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை, ஆனாலும் கொண்டாட்டம். லூத்தரன் சபையில் ஆட்டம் பாவம். குரி சுவரோரமாக நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். லுட்மிளா வந்து அவள் இடுப்பில் கைபோட்டு இழுத்தாள்.

"வேணாம், விடு!"

"உன்னுது தரை. நீ அறுத்தது. ஆடு!"

ஆடினாள். இருபத்தாறு வயதில், வாழ்க்கையில் முதல் தடவை. அந்தத் தரை காலுக்கடியில் முரசு போலத் திருப்பிப் பேசியது. சன்னல் வழியாக மாலை வெயில் சாய்வாக விழுந்திருந்தது, ஐவிந்த் ஊன்றுகோலால் தாளம் போட்டான். வயதான பிறகு, உனக்கு ரொம்பச் சந்தோஷமான நாள் எது என்று பேத்தி கேட்டபோது கல்யாண நாளைச் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் குரி சொன்னாள்.

விஷயம் சபைப் பாதிரியார் காதுக்குப் போகாமலா இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை குதிரையில் வருகிறவர், அடுத்த முறை வந்தபோது குரியைத் தனியாக நிறுத்திக் கேட்டார்.

"ஆட்டம் ஆடினியாமே, குரி?"

"ஆடலீங்க ஐயா. எம் புருசன் போட்ட தரை மட்டமா இருக்குதான்னு மிதிச்சுப் பாத்தேன்."

"எத்தன நேரம் மிதிச்ச?"

"பெரிய ரூமுங்க ஐயா."

பாதிரியார் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைத் தான் பார்த்ததாகக் குரி சத்தியம் செய்வாள்.

எல்லா வருடமும் அப்படி இருக்கவில்லை. 1879 இலையுதிர்காலத்தில் தொண்டை அடைப்பான் வந்தது. ஏழு வயதை எட்டாத நில்ஸும், லுட்மிளாவின் சின்ன மகள் அனெஷ்காவும் ஒன்பது நாள் இடைவெளியில் போய்விட்டார்கள். ஒன்றாக விளையாடிய பிள்ளைகளை ஒரே இடத்தில் புதைக்க இரண்டு சபையும் ஒப்பவில்லை. நில்ஸ் லூத்தரன் மேட்டில், அனெஷ்கா நான்கு மைல் தள்ளிக் கத்தோலிக்கக் கல்லறையில். ஒவ்வொரு மே மாதமும் இரண்டு தாய்மாரும் ஒரே வண்டியில் ஏறி, முதலில் ஓரிடம், பிறகு மற்றோரிடம் போவார்கள்.

பிறகு ரயில் வந்தது. புல்வெளி மறைந்து எங்கும் மக்காச்சோளமானது. 1884-இல் ஐவிந்த் மரவீடு கட்டினான், வெள்ளைச் சுண்ணம் அடித்தது, மாடியோடு. மண்வீட்டில் கோழி அடைத்தார்கள். புதுவீட்டில் முதல் வாரம் குரிக்குத் தூக்கம் வரவில்லை. சுவர் மெல்லிசாக இருக்கிறது, காற்று கேட்கிறது என்பாள். பிள்ளைகள் ஐந்து பேர் வளர்ந்தார்கள். பிர்கித் கல்யாணமாகி டகோட்டா போனாள். அங்கே கோபம் வந்தால் செக் மொழியில்தான் திட்டுகிறாள் என்று மருமகன் கடிதம் எழுதினான்.

ஐவிந்த் 1908-இல் போனான், ஜூன் மாதம், தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி. முந்தின நாள்தான், தன் சவப்பெட்டியைக் கோணல் காலுக்கு இடம்விட்டுச் செய்யச் சொல்லவேண்டும் என்று வேடிக்கை பேசியிருந்தான். சபை விதி என்னவானாலும், பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் ஒருவராக மத்தேய் முன்னால் நின்றார். அவரை விலகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே ஊருக்குத் தொலைபேசி வந்திருந்தது. பதினொரு வீட்டுக்கு ஒரே கம்பி; யார் வீட்டில் மணி அடித்தாலும் எல்லா வீட்டிலும் கேட்கும். யார் பேசினாலும் மற்றவர்கள் காதுக்குழலை எடுத்து ஒட்டுக்கேட்பது வழக்கம். தினமும் காலை எட்டு மணிக்கு லுட்மிளா குரியைக் கூப்பிடுவாள். முழங்கால் வலி இருவருக்குமே வந்துவிட்டது, அரை மைல் இப்போது தூரம். பதினைந்து நிமிடம் பேசுவார்கள், அந்த யாருக்கும் இல்லாத மொழியில். கம்பியில் ஒன்பது வீட்டுப் பெண்கள் மூச்சை அடக்கிக் கேட்டும் ஒன்றும் புரியாது.

"ரெண்டு பேரும் அப்பிடி என்னதான் பேசிக்கிறீங்க?" என்று கடையில் ஒருத்தி கேட்டே விட்டாள்.

"உன்னப் பத்தித்தான்" என்றாள் குரி.

1914 பிப்ரவரியில், மார்புச்சளி கண்டு, நான்கே நாளில் லுட்மிளா போனாள். அடக்கத்துக்குக் குரி கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். எல்லாரும் முழங்காலில் நின்றபோது அவளும் நின்றாள், வலியோடு. வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூட மூட்டாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை காப்பிக் கோப்பையோடு சன்னலருகே இருந்தாள். எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. அவள் வீட்டு மணி. கோப்பையைக் கீழே வைத்தாள். எடுத்தாள்.

"ஹலோ!" என்று ஒரு கத்தல் காதைத் துளைத்தது. மத்தேய். எழுபத்தைந்து வயது மனிதர், அந்தக் கருவியை அதுவரை தொட்டதே இல்லை. அரை மைல் தூரத்துக்கும் கேட்கவேண்டுமென்று நினைத்தார் போல.

"மெதுவா பேசு, மத்தேய். கேக்குது."

அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கம்பியில் வேறு சில மூச்சுகளும் இருந்தன; அன்றைக்கு யாரும் காதுக்குழலை வைக்கவில்லை.

"அவ தெனம் உங்கிட்ட என்ன பேசுவான்னு எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில், நார்வே பாதி செக் பாதியாக. "மழையப் பத்தி நான் பேசலாமா?"

"பேசு" என்றாள் குரி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அங்க எப்பிடி, பனி கரையுதா?"